போரில் கடத்தப்பட்ட பெண்கள் திரும்பி வந்த பிறகு, ஊரோடு மறுபடி சேர்வதற்குப் பெரிய தடை எது? மனநல சிகிச்சை கொடுத்தால் போதாதா?

போதாது. சிகிச்சை வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பெரிய தடை அவளுடைய மனக்காயம் அல்ல. கடத்தியவனுக்குப் பிறந்து அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளை. தாயை வா என்று அழைக்கும் ஊர், பிள்ளையைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொள்கிறது.

நான் உளவியலாளர் இல்லை. இப்படிப்பட்ட பெண்களோடு வேலை செய்பவர்களுக்கான பயிற்சிக் கையேடுகளைச் சில ஆண்டுகள் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சொல் இடறியது: மீட்பு. அடகு வைத்த நகையையும் நாம் மீட்கத்தான் செய்கிறோம். எந்த வீட்டுக்குப் போக விருப்பம் என்று நகையிடம் யாரும் கேட்பதில்லை.

பிரிவினைக் காலத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான். கடத்தப்பட்டவர்களை மீட்டு ஒப்படைக்க 1949-இல் இந்தியா ஒரு சட்டம் இயற்றியது. 1947 மார்ச் 1-க்கு முன் முஸ்லிமாக இருந்து, அதன்பின் குடும்பத்தைப் பிரிந்து முஸ்லிமல்லாதவரோடு வாழ்கிற பெண் எந்த வயதினளானாலும் 'கடத்தப்பட்டவர்'. தீர்ப்பாயம் இருந்தது, அவள் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. இன்னும் ஒரு வேடிக்கை: அவள் வயிற்றில் அங்கே பிறந்த குழந்தையும் சட்டப்படி 'கடத்தப்பட்டவர்'! இப்படிப் பிடித்துச் சென்று முகாமில் வைப்பது அரசியலமைப்பு சொல்கிற கைது ஆகாது என்று 1952-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இந்து, சீக்கியப் பெண்களை வீட்டார் ஒதுக்கக் கூடாது என்று காந்தியும் நேருவும் கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள். அப்படியும் பலர் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் பிறந்தகம் போனார்கள்.

யசீதிகள் என்ற சிறுபான்மை மதத்தாரின் கதைக்கு வருகிறேன். 2014 ஆகஸ்டில் வடக்கு ஈராக்கின் சிஞ்சாரிலிருந்து ஐ.எஸ். அமைப்பு ஆயிரக்கணக்கான யசீதிப் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோனது. யசீதி மதத்தில் வெளியாருடன் உறவு என்றாலே விலக்கு. அப்படியிருந்தும் அவர்களுடைய மூத்த மதத் தலைவர் பாபா ஷேக், தப்பி வரும் பெண்கள் நம் பிள்ளைகளே, யாரும் அவர்களை ஒதுக்கக் கூடாது என்று அறிவித்தார். லாலிஷ் கோயிலின் வெள்ளை ஊற்றுத் தண்ணீரைத் தலையில் வார்த்து வரவேற்றார்கள். ஒரு கைத் தண்ணீர், ஒரு பெரியவரின் வாய்ச்சொல். எந்த ஆலோசனைக் கூடமும் அதைத் தந்திருக்க முடியாது.

ஆனால் பிள்ளை? 2019 ஏப்ரலில், திரும்பி வரும் எல்லோரையும் ஏற்போம் என்று ஆன்மிகச் சபை அறிவித்தது. சில நாட்களிலேயே, வல்லுறவால் பிறந்த குழந்தைகளை அது குறிக்கவில்லை என்று விளக்கம் வந்தது. ஈராக் சட்டமும் துணை நிற்கவில்லை; தந்தை முஸ்லிம் என்றால் பிள்ளையும் முஸ்லிமாகவே பதிவாகும். 2021-இல் வந்த சட்டம் தப்பி வந்த பெண்களுக்கு மாதத் தொகை, மனை, அரசு வேலையில் 2 விழுக்காடு இடம் எல்லாம் தந்தது. பிள்ளையின் சிக்கலை அப்படியே விட்டுவிட்டது. சிரியாவின் அநாதை இல்லத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காக ஊரையே விட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யாரை 'வெற்றிகரமாக ஒருங்கிணைந்தவர்' என்று படிவத்தில் குறிப்பது?

வடக்கு உகாண்டாவில், ஆட்களைக் கடத்திப்போன எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படையிடமிருந்து திரும்பியவர்களுக்கு அச்சோலி மக்கள் ஒரு சடங்கு செய்வார்கள். வாசலில் பச்சை முட்டை ஒன்றை வைப்பார்கள். அதை மிதித்து உடைத்து, ஒரு மரக்கிளையையும், தானியக் குதிர் திறக்கும் கோலையும் தாண்டி வீட்டுக்குள் வர வேண்டும். குதிர்க்கோலுக்குப் பொருள்: இனி இந்த வீட்டுச் சோறு உனக்கும் உண்டு.

அழகான சடங்குதான். அந்தச் சோறு விளையும் நிலமோ தந்தை வழியில் இறங்குகிறது. காட்டில் கிளர்ச்சிப் படையினனுக்குப் பிறந்த பையன் வளர்ந்ததும் மாமன்மார், 'உன் அப்பன் குலம் எது, அங்கே போய்ப் பங்கு கேள்' என்கிறார்கள். அதனால் சில பெண்கள், தங்களை வலுக்கட்டாயமாக மனைவியாக்கியவனின் குடும்பத்தைத் தாங்களே தேடிப் போகிறார்கள். பிள்ளைக்கு ஒரு குலப்பெயரும் கொத்தி விதைக்க ஒரு துண்டு நிலமும் கிடைக்கட்டும் என்று. முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கென்ன, கோபப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். அவளுக்கு மழைக்கு முன் நிலம் வேண்டும்.

அந்தக் கையேட்டில் 'மீட்கப்பட்ட பெண்' என்று வந்த இடங்களையெல்லாம் 'திரும்பி வந்த பெண்' என்று மாற்றிக் கொடுத்தேன். கலைச்சொல் பட்டியலில் அது இல்லை என்று மேற்பார்வையாளர் பாதியைப் பழையபடி ஆக்கிவிட்டார். மீதிப் பாதி அவர் கண்ணில் படவில்லை போலும், அச்சிலும் அப்படியே இருக்கிறது.