மே மாதப் பாலைவனத்துக்கு ஸ்வெட்டர் எதற்கு?

தங்கச்சி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு ஒருமையிலேயே எழுதுகிறேன். டாலஸுக்குப் படிக்க வந்து எட்டு மாதம். மே நடுவில் லாஸ் வேகஸில் கிளம்பும் ஏழு நாள் கேம்பிங் டூருக்குப் பணமும் கட்டியாயிற்று. யூட்டாவின் சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் என்று நான்கு தேசியப் பூங்காவும் உண்டு. கூட வருகிறவர்களில் ஒருவரையும் தெரியாது. நீ கேட்டது மூன்று கேள்வி: ஊரில் இருந்து கொண்டுவந்த பெரிய சூட்கேஸ் போதுமா, குக்கர் எடுத்துப் போகலாமா, பாலைவனம்தானே, ஸ்வெட்டர் எதற்கு?

மூன்றாவதில் இருந்து தொடங்குகிறேன். நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

நான் திண்டுக்கல்காரி. 2009 மே மாதம், இதே மாதிரி ஒரு வேன் டூரில் போனேன். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து இரண்டு ஜீன்ஸ், நான்கு காட்டன் சுடிதார், ஒரு மெல்லிய சால்வை. முதல் இரவு சயானில் கூடாரத்தின் கதவைத் திறந்துபோட்டே தூங்கினேன். பை நிறையக் கம்பளி வைத்திருந்த மற்றவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பு வேறு. மூன்றாம் இரவு பிரைஸில் சுடிதார்மேல் சுடிதார் போட்டு, அதன்மேல் ஜீன்ஸ், தலையில் குளிக்கிற துண்டு. அப்படியும் பல் கிட்டியது. காலையில் வெளியே வைத்த பாட்டிலில் தண்ணீரின்மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது.

வரைபடத்தில் பாலைவனம் என்று பார்த்தேனே தவிர, உயரத்தைப் பார்க்கவில்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி, நம் கொடைக்கானல் உயரம். பிரைஸின் விளிம்பு 8,000 அடியில் தொடங்கி 9,000 வரை போகிறது, கிட்டத்தட்ட தொட்டபெட்டா. அதோடு காற்றில் ஈரம் கிடையாது. அதனால் சூரியன் இறங்கியதும் பகல் சூடு நிற்காமல் ஓடிவிடும். பிரைஸில் மே மாத இரவு உறைநிலைக்குக் கீழே போவது சர்வ சாதாரணம். ஆனால் சயானின் பள்ளத்தாக்குத் தரை 4,000 அடிதான், ஆர்ச்சஸும் ஏறத்தாழ அப்படித்தான். அங்கே அதே வாரத்தில் பகலில் 90 ஃபாரன்ஹீட் அடிக்கலாம். ஆகவே கொடைக்கானலுக்கும் சித்திரை மாதத் திண்டுக்கல்லுக்கும் ஒரே பையில் கட்டுவதாக நினைத்துக்கொள்.

அதற்காக வீட்டையே கட்டி எடுக்க வேண்டாம், அடுக்கடுக்காகப் போடத் தெரிந்தால் போதும். உடம்போடு ஒட்டுகிற தெர்மல் ஒரு ஜோடி, அது தூங்குவதற்கு மட்டும். பகலில் வியர்த்த துணியோடு படுத்தால் குளிர் இரட்டிப்பாகும். அதன்மேல் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை ஒன்று, அதற்கும் மேலே பஞ்சுபோல அமுங்குகிற பஃபர் ஜாக்கெட், கடைசியாகக் காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலுறை. கம்பளித் தொப்பி, கையுறை. நடப்பதற்கு ஜீன்ஸும் காட்டனும் ஆகாது, நனைந்தால் காயவே காயாது. ஜிம்முக்குப் போடுகிற பாலியெஸ்டர் சட்டையும் பேன்டும் உன்னிடம் இருக்குமே, அதுவே போதும். வெயிலுக்கு முழுக்கை வைத்த இளநிறச் சட்டை ஒன்றும் அகலத் தொப்பியும் வை. நம் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று நானும் கேட்டவள்தான். மூக்கு உரிந்த பிறகு கேட்பதில்லை.

ஸ்லீப்பிங் பேக் வாங்காதே, வாடகைக்கு எடு. கூடாரமும் அடியில் விரிக்கிற மெத்தையும் பெரும்பாலும் டூர்க்காரர்கள் தருவார்கள். உள்ளே நுழைந்து படுக்கிற இந்தப் பைதான் சில இடங்களில் தனிக் கட்டணம். உன் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் வெளிப்புறச் சாதனப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரி. பல இடங்களில் மாணவர்களுக்கு மிகக் குறைந்த வாடகைக்குத் தருகிறார்கள். பையில் 20 டிகிரி (ஃபாரன்ஹீட்தான்) என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிற அளவு, சுகமாகத் தூங்குகிற அளவு இல்லை. அதற்கு மேலும் பத்து டிகிரி கூட்டிக் கணக்குப் போடு. நான் நடுங்கியதைப் பார்த்த பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன் அம்மாள் மறுநாள் இரவு ஒரு வித்தை காட்டினார்: கெட்டியான பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, காலுறைக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைப்பது. இன்றுவரை அது இல்லாமல் நான் கூடாரத்தில் படுத்ததில்லை.

இனி சூட்கேஸ். கூடவே கூடாது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வேனின் கூரையிலோ பின்னால் இழுக்கிற டிரெய்லரிலோ மற்ற பைகளோடு அமுக்க முடியாது. பெரும்பாலான குழுக்கள் ஆளுக்கு ஒரு துணி டஃபிள் பை, முதுகில் மாட்ட ஒரு சின்னப் பை, அவ்வளவுதான் அனுமதிப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் கூடாரத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, சரளைக்கல்மேல் தூக்கிப்போக வேண்டும். கட்டி முடித்ததும் உன் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் மூன்று தளம் தூக்கி ஏறிப்பார். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்துவிடு. சூட்கேஸை வேகஸ் ஹோட்டலில் விட்டுப்போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

குக்கரும் வேண்டாம். ஆனால் உன் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. அதனால் பருப்பே கேட்காததாக எடுத்துப் போ. ஒரு டப்பா புளிக்காய்ச்சல், ஒரு பொட்டலம் ரசப்பொடி. சமையல் அடுப்பும் பாத்திரமும் அவர்களிடம் இருக்கும், முறைவைத்து எல்லோரும் காய் நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். ஒரு குளிர் இரவில் நான் பருப்பில்லாத மிளகு ரசம் வைத்து கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அதுவரை என் பெயரைச் சொல்லவே திணறியவர்கள் அதன்பிறகு தினமும் அடுப்பைக் காட்டினார்கள். நீ சைவம் என்றால் இப்போதே எழுத்தில் சொல்லிவிடு. நெருப்பில் வாட்டித் தரும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. யாரும் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கே தோன்றாது.

முறுக்கும் மிக்சரும் தாராளமாக எடு. இது நாக்குக்காக மட்டும் சொல்லவில்லை. வெயிலில் உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றி, ஆளே விழுந்துவிடலாம். கிராண்ட் கேன்யன் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் ஓயாமல் எச்சரிப்பது இதைத்தான். ஆனால் தின்பண்டம், பற்பசை, தேங்காய் எண்ணெய் என்று வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காதே. அண்டங்காக்கைக்கு ஜிப் திறக்கத் தெரியும். அங்கத்து அணில் நம் ஊர் அணில் மாதிரி சாது இல்லை, கையைக் கடிக்கும்.

கிராண்ட் கேன்யனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் மலையில் முதலில் ஏறுவோம், களைத்தால் திரும்பி இறங்குவோம். இங்கே தலைகீழ். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு ஜாலியாக இறங்கிவிட்டு, உச்சி வெயிலில் பஸ் இல்லாமல் திரும்பி ஏறுகிற கதை. ஆயிரம் அடி இறங்கினால் ஏறத்தாழ 5 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு கூடும். ஏறுவதற்கு, இறங்கியதைப்போல இருமடங்கு நேரம் வைத்துக்கொள். தெற்கு விளிம்பில் இருந்து இறங்குகிற சவுத் கைபாப் பாதையில் வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தப் பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை போய்வர 3 மைல்தான், ஆனால் 1,100 அடிக்கு மேல் ஏறவேண்டும். முதல்முறை போகிற உனக்கு அதுவே தாராளம். மூன்று லிட்டர் கொள்கிற தண்ணீர்ப்பை வை. குழுவில் நாலு பேர் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுவரை போய்வரலாம் என்று கிளம்பினால், ஒரே நாளில் அதைச் செய்யாதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள், படித்துக் காட்டு.

ஷூவை இன்றே வாங்கி, வகுப்புக்கும் கடைக்கும் அதையே போட்டு நட. புது ஷூவோடு வருகிறவர்கள் இரண்டாம் நாள் வேனிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அரை அளவு பெரிதாக எடு, கம்பளி கலந்த காலுறை நாலு ஜோடி வை, கிளம்புகிற முந்தின நாள் கால்நகத்தை ஒட்ட வெட்டு. இறக்கத்தில் விரல் முட்டி முட்டி நகம் கறுத்து விழுந்தது எனக்கு இரண்டு முறை. சயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிற நாரோஸ் பாதைக்கென்று தனி ஷூ வாங்காதே. பனி உருகும் மே மாதத்தில் வெள்ளம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். திறந்திருந்தால் வாசல் ஊரான ஸ்பிரிங்டேலில் வாடகைக்குக் கிடைக்கும்.

நீ கேட்கக் கூச்சப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் மாதவிலக்கு வரும்போல இருந்தால், நாப்கினோடு கறுப்புப் பிளாஸ்டிக் பையும் ஜிப் பையும் வை. நடைபாதையில் குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாவற்றையும் திரும்பத் தூக்கி வரவேண்டும், டிஷ்யூ உட்பட. எல்லாக் கேம்பிலும் குளியல் இருக்காது. இருக்கிற சில இடங்களிலும் காசு போட்டால்தான் தண்ணீர் வரும். ஒரு டப்பாவில் குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு சேர்த்து வை. இரவில் கழிவறைக்குப் போக கையில் பிடிக்கிற டார்ச் வேண்டாம், நெற்றியில் மாட்டுகிற விளக்கு வாங்கு. சிவப்பு ஒளி உள்ளதாக இருந்தால் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் உன்னைத் திட்டமாட்டார்கள்.

மலிவான கைக்கடிகாரம் ஒன்று எடு. மே மாதத்தில் அரிசோனாவும் வேகஸும் ஒரே நேரம், அங்கே ஆறு மணி என்றால் யூட்டாவில் ஏழு, அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ பழங்குடியினரின் நிலம் யூட்டாவோடு ஓடும். எந்த செல்போன் கோபுரத்து சிக்னல் கிடைக்கிறதோ அதன்படி போன் மணியை மாற்றிக்கொண்டே இருக்கும். நீ சூரிய உதயத்துக்கு ஒரு மணிநேரம் பிந்தி எழுந்திருப்பாய்.

விசாவில் இருப்பவள் நீ. நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-இன் அச்சுப்பிரதியும் பாஸ்போர்ட்டும் நீர் புகாத உறையில் போட்டு, டஃபிளில் இல்லாமல் முதுகுப்பையில் வை. நமக்கு இங்கே அது சட்டப்படி கையோடு இருக்க வேண்டியது.

டூர்க்காரர்கள் அனுப்பும் பட்டியலில் "விருப்பப்பட்டால்" என்று கடைசியில் ஒரு பகுதி இருக்கும். அதில் கையுறையும் கம்பளித் தொப்பியும் கிடந்தால், எடுத்து மேலே எழுதிக்கொள்.