கலைஞரைத் தோட்டத்துக்கு அழைப்பவர் என்ன கேட்கலாம்?

கேள்வி: பழனி வட்டாரத்தில் எங்களுக்கு 7 ஏக்கரில் தென்னையும் மாவும் உள்ளன. அப்பா காலமான பிறகு மாட்டுத் தொழுவமும் அதை ஒட்டிய ஓட்டு வீடும் சும்மா கிடக்கின்றன. ஓவியர்களும் சிற்பிகளும் ஒரு மாதம் வந்து தங்கிப் பணியாற்ற அந்த இடத்தைத் தர விரும்புகிறேன். காலையில் அரை நாள் அவர்கள் தோட்ட வேலை செய்ய வேண்டும், போகும்போது ஒரு படைப்பை விட்டுச்செல்ல வேண்டும், அதற்கு ஈடாகச் சாப்பாடும் இடமும் இலவசம் என்பது என் திட்டம். ஓவியக் கல்லூரியில் படித்த என் மகள் இது முறையல்ல என்கிறாள். உங்கள் கருத்து என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தை விட்டுச்சென்ற இடத்தை மனை போட்டு விற்காமல் இப்படி ஒரு காரியத்துக்குத் தர நினைத்த உங்கள் மனத்தை முதலில் வணங்குகிறேன். ஆனால் நிபந்தனைகளைப் பொறுத்தவரை உங்கள் மகளின் பக்கமே நான் நிற்கிறேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற ஊரில், மரியன் மெக்டவல் என்ற பியானோ கலைஞர் 1896இல் ஒரு பண்ணையை வாங்கினார். அவருடைய கணவர் எட்வர்ட் இசையமைப்பாளர். காட்டுக்குள் அவருக்கென ஒரு மரக்குடில் கட்டிக்கொடுத்து, பகலில் யாரும் குறுக்கிடாமல் மரியன் பார்த்துக்கொண்டார். அந்த அமைதி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இருவரும் விரும்பியதால் 1907இல் அந்தப் பண்ணை கலைஞர்கள் தங்கும் இடமானது. மறு ஆண்டே கணவர் இறந்துவிட, மரியன் ஊர் ஊராகச் சென்று பியானோ வாசித்துப் பணம் திரட்டி அதை நடத்தினார். இன்றும் அங்கே மதிய உணவைக் கூடையில் வைத்துக் குடில் வாசலில் விட்டுச்செல்லும் வழக்கம் உண்டு. கலைஞர் அழைக்காமல் எவரும் அவருடைய குடிலுக்குள் நுழைவதில்லை. தங்கிச் சென்றவர்கள் அங்குள்ள மரப்பலகையில் தங்கள் பெயரை எழுதிவைப்பார்கள். அந்தப் பண்ணை கலைஞருக்குக் கொடுப்பது குறுக்கீடு இல்லாத பகல் பொழுதைத்தான். அறையும் உணவும் அதற்குத் துணை.

உங்கள் நிபந்தனை அந்தப் பகலில் பாதியை, அதுவும் வெளிச்சம் நன்றாக இருக்கும் காலைப் பாதியை, எடுத்துக்கொண்டுவிடுகிறது. வெயில் ஏறும் வரை வாய்க்கால் வெட்டிய கை பிற்பகலில் தூரிகை பிடிக்காது. பழக்கமில்லாதவர் செய்யும் பாத்தியும் பாத்தியாக இராது என்பதை உங்கள் தோட்டத்து ஆட்களே சொல்வார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமானால் கூலி கொடுத்து ஆள் வையுங்கள். இரண்டையும் கலந்தால் ஒருவருடைய கலையும் மற்றொருவருடைய கூலியும் சேர்ந்து குறைகின்றன. விருந்தினர் தாமாக மண்வெட்டியை எடுத்தால் தடுக்க வேண்டாம். சிலருக்கு அது பிடிக்கும். செலவு தாங்காது என்றால் ஒரு தொகையைக் கட்டணமாக அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அது நேர்மையானது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான முன்னோடி சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966இல் அமைந்த அந்தக் கலைஞர் கிராமத்தில், ஓவியம் விற்காத காலத்தில் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணி முதலிய கைவினைகளைச் செய்து விற்றே கலைஞர்கள் தாக்குப்பிடித்தார்கள். அவர்களும் அன்றாடம் உடலுழைப்புக் கொடுத்தவர்கள்தாம்; ஆனால் அந்த உழைப்பின் பலன் அவர்களுக்கே சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

படைப்பை விட்டுச்செல்லும் நிபந்தனையையும் நீக்கிவிடுங்கள். ஒருவர் மனமுவந்து கொடுத்தால் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். அப்போதும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியம் மட்டுமே உங்களுடையது. அதை நாட்காட்டியாகவோ மாம்பழப் பெட்டியின் மேலோ அச்சிடும் உரிமை, அவர் எழுதிக் கொடுத்தாலொழிய, ஓவியரிடமே இருக்கும்.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். நேர் வெயில் படாதிருக்க ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது ஐரோப்பியக் குளிர்நாடுகளுக்கு முழுதும் பொருந்தும். நம் பக்கத்தில் சித்திரை முதல் ஆடி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்திருப்பதால், அந்த ஜன்னலிலும் வெயில் விழும். ஆகவே ஜன்னலை வடக்கே வைத்து, தாழ்வாரத்தை நன்றாக நீட்டி இறக்குங்கள். மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை: பம்புசெட்டுக்கு அரசு தரும் இலவச விவசாய இணைப்பிலிருந்து இந்த அறைக்குக் கம்பி இழுக்காதீர்கள், தனி இணைப்புக்கு மனு செய்யுங்கள். தூரிகை கழுவிய டர்பன்டைன் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கலக்காதபடி ஒரு மூடி போட்ட டின் வைத்துவிடுங்கள்.

உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் மிகுந்த கவலை. வருபவர்கள் அவர்களைப் படம் எடுக்கவும் வரையவும் ஆசைப்படுவார்கள். அவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, உட்காரவைத்து வரைந்தால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டு என்ற இரண்டையும் வருபவர் கையெழுத்திடும் தாளில் எழுதுங்கள். அந்தப் பெண்களிடமும் நேரில் சொல்லிவையுங்கள்.

முதல் முறை ஒரே ஒருவரை அழையுங்கள். அவருடைய பழைய வேலைகளை மகளோடு உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாங்காய் பறிப்புக் காலத்தில் வண்டிச் சத்தம் ஓயாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசி நல்ல பருவம்தான். ஆனால் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை செல்பவர்களின் கூட்டமும் ஒலிபெருக்கியும் பழனிச் சாலைகளை நிறைத்துவிடும். சிலர் அதைத் தேடியே வருவார்கள், சிலர் அதற்காகவே வரத் தயங்குவார்கள். எனவே தேதியோடு அதையும் அறிவிப்பில் தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.