முதல் அழைப்பிதழ் கடல் தாண்டட்டும்

கேள்வி: எர்ணாகுளத்தில் பல வருடமாக வசிக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். எங்கள் வாசகசாலை சார்பில் மட்டாஞ்சேரியில் 'கொச்சி யூதர் பண்பாட்டு விழா' நடத்த ஆசைப்படுகிறோம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை ஊர்வலம், நாடகம், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. "யூதர்களே இல்லாத இடத்தில் யூதர் விழா யாருக்கு?" என்று ஓர் உறுப்பினர் கேட்டதிலிருந்து எனக்குத் தயக்கம். நடத்தலாமா?
- ஒரு வாசகி, எர்ணாகுளம்

பதில்: தாராளமாக நடத்துங்கள், சகோதரி. ஆனால் அந்த உறுப்பினரின் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். உங்கள் விழாவுக்கு வழி சொல்வதே அந்தக் கேள்விதான்.

போலந்தின் கிராக்கோவ் நகரில் 1988-ல் யூதப் பண்பாட்டு விழாவைத் தொடங்கிய இருவருமே யூதர் அல்லர். அங்கேயும் இதே கேள்வி எழுந்தது. பல நாடுகளிலிருந்து யூதக் கலைஞர்களையே வரவழைத்து மேடையேற்றினார்கள். விழா இன்றும் நடக்கிறது.

உங்களுக்கு அது இன்னும் எளிது. கொச்சி யூதர்கள் மறைந்துபோன கூட்டமல்ல. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெவாதிம் போன்ற கிராமங்களில் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே அவர்களுக்கும், கொச்சியில் எஞ்சியிருக்கும் சில குடும்பத்தாருக்கும் எழுதிக் கேளுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அவர்கள் முதலில் சொல்லப்போவது தேதியைத்தான். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு சபாத், ஓய்வுநாள். வழிபாட்டில் ஊன்றியவர்கள் அன்று வண்டி ஏறமாட்டார்கள், மைக் பிடிக்கமாட்டார்கள். யாருக்காக விழாவோ அவர்களே வரமுடியாத நாளைக் குறித்திருக்கிறீர்கள்! ஞாயிறு தொடங்கி செவ்வாயில் முடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அவர்களுடைய பெரிய பண்டிகைகள் நெருக்கியடித்து வரும், மழையும் உண்டு. யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15-ம் நாள் மரங்களின் புத்தாண்டு. பௌர்ணமிக் கணக்கு என்பதால் பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டியே வரும். அந்த வாரம் அருமையாகப் பொருந்தும்.

நாடகத்தில் வழிபாட்டை நடித்துக் காட்டவேண்டாம். ஓர் ஊரில், அட்டையில் செய்த தோரா சுருளை, அதாவது யூதர்களின் வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் மேடையில் ஆடினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். அந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பதிலாகப் பாட்டு வையுங்கள். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டும் பண்டிகைப் பாட்டும் நிறைய வைத்திருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி பிரதியெடுத்துக் காப்பாற்றிய பாட்டுகள். ஆண்கள் கூடியிருக்கும் சபையில் பெண்கள் பாடத் தடையில்லாத சமூகம் அது. வேறு பல ஊர்களின் வைதிக யூதர்களிடம் அந்த வழக்கம் கிடையாது. பாடத் தெரிந்த பாட்டிகள் இஸ்ரேலிலிருந்து வரமுடியாவிட்டால், வீடியோவில் பாடச்சொல்லிப் பெரிய திரையில் காட்டுங்கள்.

ஊர்வலம் உங்கள் ஆசை என்பதால் ஒன்று சொல்கிறேன். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. ரப்பானின் பெயர் அதில் 'இசுப்பு இரப்பான்' என்று நம் நாக்குக்கு வந்துவிடுகிறது. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று உரிமைகள் வரிசையாக வரும். பாவாடை என்றால் நடந்துவர விரிக்கும் துணி, நடைபாவாடை. ஒரு வார்த்தைக்குக்கூட நமக்கு அகராதி வேண்டாம்! அந்த வரிகளைப் பெரிதாக எழுதி வழிநெடுக வையுங்கள். பட்டப்பகலில் விளக்கேற்றி, குடைபிடித்து, துணி விரித்து, வந்திருக்கும் யூதக் குடும்பங்களை நடுவில் நடத்திக் கூட்டிவாருங்கள். அது அவர்களுக்கு எழுதிக்கொடுத்த உரிமை.

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் வழிபாட்டு இல்லமான பரதேசிப் பள்ளியோடு நின்றுவிடாதீர்கள். பறவூர், சேந்தமங்கலம் யூதப்பள்ளிகளுக்கும் பஸ் ஏற்பாடு செய்யுங்கள். சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் 1269-ம் ஆண்டுக் கல்லறைக்கல் எபிரேய எழுத்தோடு இருக்கிறது. கசப்பையும் மறைக்காதீர்கள். பரதேசிப் பள்ளிக்குள் சமமாக உட்கார உரிமை மறுக்கப்பட்ட பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம், அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தவர். அவருக்கென்று ஒரு மாலைப்பொழுதே ஒதுக்கலாம்.

சாப்பாட்டில் 'கோஷர்' (யூத உணவு விதிப்படி ஆனது) என்று போர்டு வைக்காதீர்கள். முறைப்படி மேற்பார்வை இல்லாமல் அந்தச் சொல்லைப் போடக்கூடாது. சைவச் சமையலாக, புதுப் பாத்திரத்தில் செய்து, என்ன போட்டிருக்கிறது என்று எழுதிவையுங்கள். அப்போதும் சிலர் சாப்பிடமாட்டார்கள், வருத்தப்படாதீர்கள். பழமும் இளநீரும் தனியாக இருக்கட்டும். இறைச்சியோடு பால் சேர்க்கக்கூடாத அவர்கள் சமையலில் தேங்காய்ப்பால் எவ்வளவு கைகொடுத்தது என்பதை அங்கேயே பேசலாம்.

கடிதத்தை ஆங்கிலத்தோடு மலையாளத்திலும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், வீட்டுப் பெரியவர்களுக்கு அதைப் படித்துக்காட்ட யாரையாவது தேடிப்பிடிப்பார்கள்.