சின்னப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குப் பழக்க எதைப் படிக்கலாம்?

கிளிநொச்சியிலிருந்து கனடா போன நீங்கள், அங்கே சிறுவருக்குப் பனிச்சறுக்குப் பழக்க எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கீ (காலுக்கு ஒரு பலகை) என்றால் 1938இல் தொடங்கிய கனடா ஸ்கீ பயிற்றுநர் சங்கம், ஸ்னோபோர்டு (இரண்டு காலுக்கும் ஒரே பலகை) என்றால் 'காசி' (CASI) என்ற கனடா ஸ்னோபோர்டு பயிற்றுநர் சங்கம் (கங்கைக் கரைக் காசி இல்லை!). இரண்டிலும் பயிற்சி வகுப்பும் சான்றிதழும் உண்டு.

அப்புறம், அமெரிக்கப் பயிற்றுநர் சங்கத்தின் சிறுவர் கையேட்டைக் கட்டாயம் பாருங்கள். பிள்ளையின் அறிவு, மனம், உடல் மூன்றையும் கணக்கில் எடுத்துப் பழக்கச் சொல்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, பாரம். பெரியவர்போல் நிற்க வராது. "பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரி" என்றால் விழிக்கும். "பீட்சாத் துண்டு மாதிரி வை" என்றால் உடனே வேகம் குறைக்கும். இரணைமடுக் குளக்கட்டில் நாங்கள் சைக்கிள் பழகியதும் விளக்கம் கேட்டா?