கம்ப்யூட்டர் பழக்கமில்லாத பி.ஏ. சமூகவியல் மாணவர்களுக்கு ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவலைக் கணினியில் வரைபடமாக்கும் முறை), வரைபடமெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் என்னைப் போலவே, பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு தாள் வந்து, "யாராவது எடுங்களேன்" என்று துறைக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது மறுக்க முடியாமல் தலையாட்டியவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்தப் பதில் உங்களுக்குத்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இவர்களுக்கு மடிக்கணினி பழக்கமில்லை என்பது உண்மை. ஆனால் வாட்ஸாப்பில் "லொகேஷன் போடு" என்று தினமும் சொல்கிறவர்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வருடம் நான் செய்த தவறு, புத்தகம் போட்டிருந்த வரிசையிலேயே போனது. ராஸ்டர், வெக்டர், ப்ரொஜெக்ஷன், டேட்டம். மூன்றாவது வகுப்பில் பின்வரிசை தூங்கிவிட்டது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. எதற்காக இதெல்லாம் என்ற கேள்வி அவர்களிடம் இல்லை, அதை நான் உண்டாக்கவும் இல்லை. புவியியல் துறை நண்பர்கள் கோபப்பட வேண்டாம். அடிப்படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது எந்த இடத்தில் வரவேண்டும் என்பதுதான் என் பேச்சு.

இரண்டாம் வருடம் நடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மாவட்டவாரியாக நிறம் தீட்டச் சொல்லியிருந்தேன். ஒரு குழு நன்றாக உழைத்து, 2001, 2011 இரண்டையும் ஒப்பிட்டுப் படம் போட்டது. தர்மபுரி மட்டும் அடர் சிவப்பு. 2001-ல் 28,56,300 பேர் இருந்த மாவட்டம் 2011-ல் 15,06,843 ஆகிவிட்டது, பிழைப்புக்காகப் பாதிப் பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள் என்று விளக்கமும் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் வெளியூர்ப் பிழைப்பு இல்லாத தெருவே கிடையாது என்பதால் எனக்கும் அது சரியாகப் பட்டது. பாராட்டி, நல்ல மதிப்பெண்ணும் போட்டேன்.

படத்தை நூலகத்தில் ஒட்டி வைத்தோம். மறுநாள் நூலக உதவியாளர் வந்தார். காவேரிப்பட்டினத்துக்காரர். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேடம், 2004-லதான் எங்களைப் பிரிச்சு கிருஷ்ணகிரி மாவட்டம் ஆக்கிட்டாங்களே?" என்றார். அவ்வளவுதான். பெங்களூருக்குப் போனதாக நாங்கள் எழுதிய ஜனங்கள் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் ஊத்தங்கரையிலும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். இன்றைய எல்லைக்குள் கணக்குப் பார்த்தால் 2001-ல் 12,95,182. அதாவது பத்தாண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. குறையவே இல்லை.

அன்றைக்கே வகுப்பில் அந்தப் படத்தை மறுபடியும் விரித்து, தவறு என்னுடையதும்தான் என்று சொன்னேன். எல்லைகள் மாறும், எண்ணை எடுப்பதற்கு முன் அது எந்த எல்லைக்குள் எண்ணியது என்று கேட்க வேண்டும். இதை நான் பத்து வகுப்பு எடுத்தாலும் புரியவைத்திருக்க முடியாது. அந்த ஒரு படம் புரியவைத்தது. உங்கள் மாவட்டமும் எப்போதாவது பிரிக்கப்பட்டிருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். 2011-ல் 32 மாவட்டம், இன்றைக்கு 38. உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று, தவறு வரும்போது அதைப் பாடமாக்குங்கள். செல்போனில் குறித்துவந்த குடிநீர்க் குழாய்களை ஒரு பெண் க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஏற்றினாள். புள்ளி ஒன்றையும் காணோம். தேடினால் எல்லாம் வடதுருவத்துப் பக்கம், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளின் ஓரக் கடலில் கிடக்கின்றன. எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகையும் ஒய் கட்டத்தில் அட்சரேகையும் போட வேண்டும். அவள் மாற்றிப் போட்டுவிட்டாள். நம் ஊர் 12 வடக்கு, 78 கிழக்கு. மாறினால் 78 வடக்கு. அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாரும் அதை மாற்றிப் போடவில்லை.

ப்ரொஜெக்ஷனும், அதாவது உருண்டையான பூமியைத் தட்டைப் படமாக்கும் முறையும், இப்படித்தான் வந்தது. தூரம் அளந்தால் விடை டிகிரியில் வருகிறது, மீட்டரில் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அப்போது சொன்னேன்: பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யுடிஎம் முறையில் 43-வது மண்டலமும் 44-வது மண்டலமும் பிரிகிற 78 டிகிரிக் கோடு நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. பென்னாகரமும் ஒகேனக்கலும் கோட்டுக்கு மேற்கே, தர்மபுரி டவுன் கிழக்கே. கல்லூரிக்கு வருகிற பஸ்ஸில் தினமும் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு வருகிறோம் என்றதும் பென்னாகரத்துப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாவட்டம் முழுக்க 44-ஐயே வைத்துக்கொண்டாலும் நம் வேலைக்குப் பெரிய பிழை வராது. ஆனால் இரண்டு பேர் இரண்டு மண்டலத்தில் வேலை செய்து, அதைக் குறித்தும் வைக்காமல் ஒன்றாகச் சேர்த்தால் குழப்பம்தான்.

எல்லோரும் முதல் வகுப்பில் 1854 லண்டன் காலரா, ஜான் ஸ்னோ, ப்ராட் தெரு அடிபம்பு என்று தொடங்குகிறார்கள். காலரா சாவுகளை வரைபடத்தில் குறித்து, அந்தப் பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று காட்டிய மருத்துவர் ஸ்னோ. நானும் சொல்வேன். ஆனால் எங்கள் பக்கத்தில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு லண்டன் போக வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினால் குடிக்கத் தகாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்துப் பல்லில் காவி ஏறியவர்கள், எலும்பு இறுகியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது இதற்காகத்தான்.

அதனால் தண்ணீரையே எடுத்தோம். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கணினியைத் திறக்கும் முன் பள்ளிக்கூட வாசலில் கோலமாவால் ஊரை வரையச் சொன்னோம். தொட்டிக்கு ஓட்டுச் சில்லு, குழாய்க்கு வேப்பிலை, வீட்டுக்குக் கூழாங்கல். வரைந்தது முழுக்கப் பெண்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் பிரதி எடுத்தார்கள்.

கல்லூரிக்கு வந்து குழாய்களைச் சுற்றி 250 மீட்டர் வட்டம் போட்டோம். எல்லா வீடும் வட்டத்துக்குள். எல்லோருக்கும் தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதாகப் படம் சொன்னது. நோட்டில் இருந்த கோலப் படம் வேறு மாதிரி இருந்தது. காலனியிலிருந்து குழாய்க்குப் போகிற வழி நேராகப் போகாமல், தார் ரோட்டுக்கு ஏறி, ஊரைச் சுற்றி வந்தது. ஏன் என்று திரும்பப் போய்க் கேட்டபோது ஒரு அக்கா சொன்னார்: "அந்தத் தெரு வழியா குடம் தூக்கிட்டுப் போனா பேச்சு வாங்கணும்." ஒரு மாணவி செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு குடமும் தூக்கிக்கொண்டு நடந்து, அந்த வழியைப் பதிவு செய்தாள். நேர்கோட்டில் 200 மீட்டருக்குள். நடந்தால் அதைப் போல மூன்று மடங்கு.

வட்டத்தை அழித்துவிட்டு அந்தக் கோணல் கோட்டை அவள் வரைந்தபோது லேபில் சத்தமே இல்லை. சமூகவியல் மாணவருக்கு இந்தத் தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கோட்டைத்தான். இது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. சாதி பற்றித் தெரிந்தவர்தான் கேட்டு வாங்க முடியும்.

லேப் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் துறைக்கு லேப் கிடையாது, வேறு துறையின் லேபை அவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் சாவி கேட்டு வாங்க வேண்டும். நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். மே மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. கிராமத்துக்குப் போக வர பஸ் செலவு என் கைக்காசு. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் "ஆர்வம் இருந்தால் எதையும் செய்யலாம்" என்று பின்னூட்டம் போடுவதற்கு முன், ஆர்வத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். க்யூஜிஐஎஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பட்டா நிலத்தின் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வீட்டு நிலத்தின் புலப்படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், வகுப்புக்கு அப்பாவையே கூட்டிவந்த பையன் இருக்கிறான். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது எங்கள் பகுதி, கும்பினியிடம் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) போனதும், அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்தது வரிக்காகத்தான். யார் எதற்காக அளக்கிறார்கள் என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது.

அதே கேள்வி எங்களிடமும் வந்தது. அதே தண்ணீர்ப் படத்தில், பல்லில் காவி உள்ளவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தோம். படத்தை அச்செடுத்து ஊருக்கே கொண்டுபோய்க் காட்டினோம். ஒரு ஆயா தன் வீட்டைக் கண்டுபிடித்து, புள்ளிமேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "இத யாரு யாரு பாப்பாங்க கண்ணு? எம் பேத்திய நாளைக்குப் பொண்ணு கேட்டு வருவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. சம்மதம் கேட்டுத்தான் எழுதினோம், ஆனால் அது படமாகும் என்று அவரிடம் சொல்லவில்லை. வீட்டுப் புள்ளிகளை எடுத்துவிட்டுத் தெருவாரியாக எண்ணிக்கை போடலாமா என்று பேசினோம். காலனி ஒரே தெரு, அதுவும் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளே முடிவெடுத்து பல் விவரம் இருந்த கோப்பை எல்லோர் செல்போனிலிருந்தும் அழித்தார்கள். இப்போது எங்கள் படத்தில் குழாய்களும், தொட்டியும், அந்தக் கோணல் வழியும் மட்டும் இருக்கின்றன. முதல் வகுப்பில் அதைத்தான் விரிக்கிறேன்.