கண்மாயின் காய்ந்த மூலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் மேற்கு மூலையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் இரண்டு ஏக்கரில் வாரச்சந்தைக் கொட்டகையும் நெல் உலர்த்தும் களமும் அமைக்க ஊராட்சி திட்டமிடுகிறது. சும்மா கிடக்கிற இடத்தைப் பயன்படுத்தினால் என்ன தவறு என்று பாதி ஊரும், கண்மாயைத் தொடக்கூடாது என்று மீதி ஊரும் பேசுகின்றன. எதை ஏற்பது?
— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சந்தையும் களமும் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தார்ச்சாலையில் நெல்லைக் காயவைத்து, லாரி வரும்போதெல்லாம் ஓடி ஓடி ஒதுக்குகிறவர்களிடம் களம் எதற்கு என்று கேட்க யாருக்கும் தகுதி கிடையாது. ஆனால், 'சும்மா கிடக்கிற இடம்' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று தண்ணீர் நிற்கும் இடத்தோடு கண்மாய் முடிந்துவிடுவதில்லை. கலுங்கின் (நிரம்பிய கண்மாயின் உபரி நீர் வழிந்தோடும் தடுப்புச் சுவர்) மேல்மட்டத்துக்கு நீர் ஏறி நிற்கும்போது எதுவரை நனையுமோ அதுவரை அது கண்மாய்தான். ஒன்றியப் பொறியாளரை அழைத்து, கலுங்கிலிருந்து அந்த மூலைக்கு மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். மூலை இரண்டடி தாழ்ந்திருந்தால், நல்ல மழை பெய்யும் ஆண்டில் சந்தைக்குள்ளும் இரண்டடித் தண்ணீர் நிற்கும். அப்போது சந்தையைக் காப்பாற்றுவதற்காகக் கலுங்கை இடித்துத் தாழ்த்துவார்கள். கண்மாயின் கொள்ளளவு குறைந்து கடைமடை வயல்கள் காயும்.

கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மழையைக் குறை சொல்வதற்கு முன், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே ஒருமுறை நடந்து வாருங்கள். எங்கேனும் ஒரு புதுச் சாலைக்கு அடியில், பத்தடி அகலக் காலுக்கு ஒற்றைச் சிமெண்ட் குழாயைப் பதித்திருப்பார்கள்; அதன் வாயிலும் பாதி மண் அடைத்திருக்கும். (சாலை போட்டதும் வளர்ச்சித் திட்டத்தில்தான் என்பது வேறு கதை.)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் ஓர் ஊர்க்குளத்தைத் தூர்த்துக் கட்டியது தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு விலக்கு உண்டே என்று உங்கள் ஊரில் யாரேனும் வாதிடக்கூடும். அந்த விலக்கு ஏற்கெனவே கட்டப்பட்டு இருப்பவற்றுக்குத்தான். இனிமேல் கட்டப்போவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

புறம்போக்குக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதால்தான் எல்லாத் திட்டங்களும் அதைத் தேடி வருகின்றன. கண்மாய் வேண்டாம் என்றதும் அடுத்த விரல் மேய்ச்சல் புறம்போக்கை நோக்கி நீளும். ஆடு மேய்க்கிறவர் இடத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார். ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பதிந்துள்ள அ-பதிவேட்டை வைத்துக்கொண்டு, நத்தத்திலும் (குடியிருப்பு நிலம்) சாலையோரத்திலும் உள்ள இடங்களை முதலில் பாருங்கள். இல்லையென்றால் களத்துக்கு நிலம் வாங்கும் செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்தைத் தடுத்தது கிராம சபைத் தீர்மானம்தானா? அதற்கு அவ்வளவு பலம் உண்டா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: தீர்மானம் மட்டுமே தடுக்கவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக மத்திய அரசு ஏலம் விட்ட வட்டாரத்துக்குள் அதுவும் அடங்கியிருந்தது. ஊர்களின் தீர்மானங்களோடு 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவைத் தீர்மானமும், ஜனவரியில் மதுரையை நோக்கி நடந்த பேரணியும் சேர்ந்த பிறகே, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. ஒடிசாவின் நியம்கிரியிலோ நிலைமை வேறு. அங்கே, காட்டில் வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தின் துணை இருந்ததால், உச்ச நீதிமன்றமே 2013இல் கிராம சபைகளிடம் முடிவைக் கேட்கச் சொன்னது. கூடிய 12 சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன.

உங்கள் ஊருக்கு அந்தச் சட்டத் துணை இல்லாவிட்டாலும், தீர்மானம் பின்னாளில் வழக்குக்கு ஆவணமாகும். ஆகவே 'எங்கள் நீர்நிலைகளைக் காக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். புல எண், பரப்பு, அது எந்த வயல்களுக்குப் பாய்கிறது என்பதை எழுதி, கையெழுத்தான பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.