ரோமியோ வேன் மீது மூன்று குற்றச்சாட்டுகள்

கேள்வி: கார்ப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற ஆல்ஃபா ரோமியோ, 1954இல் ‘ரோமியோ’ என்ற பெயரில் ஒரு சரக்கு வேனை விற்பனைக்கு விட்டது. பால் கேனும் காய்கறிக் கூடையும் சுமக்கிற வேலை அந்த நிறுவனத்துக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? வேனோ ஃபோக்ஸ்வாகனைப் பார்த்து அடித்த காப்பி. அதில் உயர்தரக் கார் எஞ்சினை வைத்து வீணடித்தார்கள். போதாததற்கு முன்சக்கரம் இழுக்கிற வண்டி. லோடு ஏற்றினால் மேட்டில் வழுக்கும் வேனை யார் வாங்குவார்கள்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கௌரவப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 1910இல் மிலான் நகரின் போர்ட்டெல்லோவில் தொடங்கிய நிறுவனம் அது. 1915இல் நிக்கோலா ரோமியோ கைக்கு வந்தது. 1933இல் இத்தாலிய அரசின் ஐ.ஆர்.ஐ. அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1930களில் அங்கே சோறு போட்டவை விமான எஞ்சின்கள், லாரிகள், பேருந்துகள். பந்தய ஓட்டுநர்கள் ஃபரீனாவும் ஃபாஞ்சியோவும் ஆல்ஃபா கார்களில் 1950, 1951ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றபோதும் அதே நிறுவனம் லாரியும் டிராலி பஸ்ஸும் செய்துகொண்டுதான் இருந்தது. கனரக வண்டி செய்பவர்கள் ஒரு டன் வகுப்பு வேனுக்கு இறங்கி வந்ததில் கௌரவம் எங்கே குறைந்தது? 1954 ஏப்ரலில் தூரின் கண்காட்சியில் இந்த வேன் வெளிவந்தது. உலகமே இன்றும் கொண்டாடுகிற ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் காரும் அதே கண்காட்சியில்தான் வெளிவந்தது. இரண்டையும் ஒரே மேடைக்குக் கொண்டுவர அந்த நிறுவனம் கூச்சப்படவில்லை.

அடுத்தது காப்பி. 1950இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, இழுப்பதும் பின்சக்கரம். அதனால் பின்கதவைத் திறந்தால் எஞ்சின் பெட்டிமேல் உயர்ந்த மேடைதான் எதிரே நிற்கும். நீளமான சரக்கைப் பின்பக்கமாக நேரே தள்ளி ஏற்ற முடியாது. ரோமியோவில் எஞ்சின் முன்னால், ஓட்டுநர் அறைப் பக்கம் இருக்கிறது. இழுப்பது முன்சக்கரம். பின்கதவிலிருந்து ஓட்டுநர் இருக்கை வரைக்கும் தரை ஒரே மட்டம். அடிப்படையே தலைகீழாக இருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று மற்றொன்றின் காப்பி ஆகாது. முன்னோடிகளைத் தேடினால் வேறு இடத்தில் தேட வேண்டும். பிரான்சின் சித்ரோயன் எச் வேன் 1947இல் காட்டப்பட்டது. ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. வேனும் டெம்போ மெட்டடாரும் 1949இல் வந்தன. மூன்றிலும் இழுப்பது முன்சக்கரம்தான். ரெனோவின் எஸ்தாஃபெத் 1959இலும் ஃபியட்டின் 238 வேன் 1967இலும்தான் இந்த வழிக்கு வந்தன. ரோமியோ முதல் ஆள் இல்லை, ஆனால் ரெனோவுக்கும் ஃபியட்டுக்கும் முந்திய ஆள்.

இத்தனை பேர் ஏன் முன்சக்கர இழுவைக்குப் போனார்கள்? விடை தரையின் உயரத்தில் இருக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் வேனின் அடியில் குனிந்து பாருங்கள். சக்கர மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 32 செ.மீ. அந்த மட்டத்தில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரங்கள் (கிரௌன் பினியன்) அடங்கிய கூடு, அதாவது ஹௌசிங், இருக்கிறது. அதன் வயிறு மேல்பக்கம் 12 செ.மீ. எடுத்துக்கொள்ளும். பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே எழும்ப இன்னொரு 10 செ.மீ. காலியாக விட வேண்டும். அதற்குமேல் சேஸிஸ் குறுக்குச் சட்டமும் தகடும் சேர்ந்து 8 செ.மீ. ஆக, சரக்கு உட்காருமிடம் 62 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் இழுவை இல்லையென்றால் ஹௌசிங்கும் இல்லை, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோக நடுவே ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் இல்லை. சக்கரங்களை மட்டும் இரு பக்கமும் பெட்டி கட்டி மறைத்துவிட்டு, நடுத்தரையை முழங்கால் உயரத்துக்கு, 40 செ.மீ. அளவுக்கு இறக்கிவிடலாம். (இவை முறையை விளக்கும் கணக்கு, வண்டிக்கு வண்டி மாறும்.) 25 கிலோப் பெட்டி நாற்பது ஏற்றினால் ஒரு டன். ஒவ்வொரு பெட்டியையும் ஏறத்தாழ ஒரு சாண் குறைவாகத் தூக்கினால் போதும் என்பது நாள் முழுக்க ஏற்றி இறக்குபவரின் முதுகுக்குத்தான் தெரியும். உள்ளே நிமிர்ந்து நிற்கவும் இடம் கிடைக்கும், வண்டியின் வெளி உயரம் கூடாது. ரோமியோ ஆம்புலன்சாகவும் மினி பஸ்ஸாகவும் பிக்-அப் ஆகவும் பல உருவங்களில் ஓடியதற்கு இந்தத் தரைதான் காரணம். ஸ்ட்ரெச்சரைத் தோள்மட்டம்வரை தூக்க வேண்டிய தேவை ஆம்புலன்சில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மேட்டில் வழுக்கும் என்றீர்கள். இதில் பாதி உண்மை இருப்பதால் கணக்குப் போட்டே பார்ப்போம். வெறும் வண்டி 1,200 கிலோ, அதில் முன்சக்கரத்தில் 720 கிலோ, இரு ஆக்சிலுக்கும் இடைவெளி 230 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் லோடின் மையம் பின் ஆக்சிலுக்கு 70 செ.மீ. முன்னால் இருந்தால் அதில் சுமார் 300 கிலோ முன்சக்கரத்துக்குப் போகும். மொத்தம் 1,020 கிலோ. எட்டுக்கு ஒன்று ஏற்றத்தில் சுமார் 95 கிலோ பின்னால் சரிந்துவிடும், மிச்சம் 925. நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு 0.4 என்றால் 370 கிலோ இழுவை கிடைக்கும். 2,200 கிலோ வண்டியை அந்த மேட்டில் ஏற்ற, சக்கர உராய்வையும் சேர்த்து, ஏறத்தாழ 300 கிலோ இழுவை வேண்டும். ஏறிவிடும். அதே லோடைக் கதவுப் பக்கம் குவித்து, அதன் மையம் பின் ஆக்சிலுக்கு நேர்மேலே வந்துவிட்டால் முன்சக்கரத்தில் 625 கிலோதான் மிஞ்சும். இழுவை 250 கிலோவோடு நின்றுவிடும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும்.

ஆகவே வழுக்குவதும் வழுக்காததும் லோடு வைக்கும் இடத்தைப் பொறுத்தது. கனமானதை ஓட்டுநர் இருக்கைத் தடுப்பை ஒட்டி அடுக்க வேண்டும், இலேசானதைக் கதவுப் பக்கம் வைக்க வேண்டும். முதலில் இறக்க வேண்டிய சரக்கு கதவருகே இருக்கட்டும் என்று எல்லா ஓட்டுநரும் நினைப்பார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது: அரை லோடு இறங்கியபின் மிச்சத்தை நகர்த்தாமல் கிளம்பினாலும், கனம் பின்னால் இருந்தால் மேட்டில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் போதும். அப்போது முன்சக்கரம் பள்ளப் பக்கம் வந்துவிடுகிறது, சரியும் எடை அதன்மேலேயே விழுகிறது. முழு லோடோடு மலையேற பின்சக்கர இழுவைதான் மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகரத்து டெலிவரி வேன் பாதி நேரம் காலியாகத்தான் ஓடுகிறது. மழையில் காலி வேன் என்றால் நிலைமை அப்படியே மாறிவிடும், பின்சக்கரம் இழுக்கும் வண்டிதான் வழுக்கும்.

இனி எஞ்சின். ரோமியோவில் வைத்தது ஜூலியெட்டாவின் 1,290 சிசி எஞ்சின். சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., அலுமினிய பிளாக், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தலைமேல் இரண்டு. ஸ்பிரிண்டில் 65 குதிரைசக்தி தந்ததை வேனுக்காகத் தணித்து 35 குதிரைசக்திக்குக் கொண்டுவந்தார்கள். உச்ச வேகத்துக்கான சுவாசத்தைக் குறைத்தால் தாழ்ந்த சுற்றிலேயே இழுவை நன்றாக வரும், மட்டமான பெட்ரோலிலும் தட்டாமல் ஓடும், நாள் முழுக்க நின்று நின்று போகிற வேலையில் சீக்கிரம் தேயாது. போர்ட்டெல்லோவில் இந்த எஞ்சினுக்கான வார்ப்பு அச்சும் இயந்திரங்களும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. வேனுக்கென்று தனியாக ஒரு சின்ன எஞ்சின் வடிவமைத்திருந்தால் அதுதான் பண விரயம்.

வீண் என்று சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அது பராமரிப்பில் இருக்கிறது. ஃபியட் 1100 எஞ்சினில், அதாவது நம் ஊர்ப் பத்மினி காரில், டேப்பெட் வைப்பது, வால்வின் இடைவெளியைச் சரிசெய்வது, எளிது. ராக்கர் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, ஸ்குரூவைத் திருப்பி நட்டை இறுக்கினால் முடிந்தது. ஆல்ஃபாவில் திருப்ப ஸ்குரூ கிடையாது. எஞ்சின் ஆறியபின் எட்டு வால்வின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு செயினைத் தளர்த்தி, கேம்ஷாஃப்டைத் தூக்கி, அதற்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள கிண்ணத்தை உருவி, அதன் அடியிலிருக்கும் ஷிம் என்ற சிறு தகட்டை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இடைவெளி 0.10 மி.மீ. குறைந்திருந்தால் 0.10 மி.மீ. மெல்லிய ஷிம் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி மறுபடி அளக்க வேண்டும். ஒரு நாள் வேலை இது, வேன் அன்று ஓடாது. அதனால் முதலாளி தள்ளிப்போடுவார். எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை அமுங்க அமுங்க இடைவெளி சுருங்கும். சுருங்கினால் சத்தம் குறையும், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகும்.

இன்னொன்று லைனர், அதாவது பிஸ்டன் ஓடுகிற உள் உருளை. வார்ப்பிரும்பு லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும், அடியில் ஒரு சீல்தான் அதை ஆயிலிலிருந்து பிரிக்கிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டு லைனர்களை வாஷர் வைத்து அழுத்திக் கட்டாமல் கிராங்கைச் சுற்றினால், பிஸ்டனோடு லைனரும் ஒரு மயிரிழை எழும்பும். அடிச் சீல் போய்விடும். புது ஹெட் கேஸ்கட் போட்ட ஒரு வாரத்தில் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வேன் மீது நீங்கள் மூன்று குற்றம் சொன்னீர்கள். உண்மையான குற்றத்தை விட்டுவிட்டீர்கள், அது டீசல் எஞ்சின். இத்தாலியில் பெட்ரோல் வரி கனம், வேன் வாங்குபவர் டீசல்தான் கேட்பார். ரோமியோவுக்குக் கொடுத்தது 1,158 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், புளோயர் பூட்டிய டீசல், 30 குதிரைசக்தி. காகிதத்தில் அழகான யோசனை. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் இரண்டு சிலிண்டரே நான்கு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் அளவுக்கு அடுத்தடுத்து உந்தும். ஆனால் காற்றை உறிஞ்ச இதில் தனி ஸ்ட்ரோக் கிடையாது. எரிந்த புகையைத் தள்ளி வெளியேற்றிப் புதுக் காற்றை நிரப்புவது புளோயர்தான். அது தளர்ந்தால் புகை உள்ளேயே தங்கும், வண்டி கறுப்பாகப் புகைந்து இழுவை போகும். புளோயரின் சீல் கசிந்தால் ஆயிலையும் சேர்த்து ஊதும். அந்த ஆயில் போர்ட்டுகளில், அதாவது சிலிண்டர் சுவரின் காற்றுத் துளைகளில், கரியாகப் படிந்து வழியை அடைக்கும், பிஸ்டன் ரிங் அந்த விளிம்பில் மாட்டி முறியும். பிஸ்டன் தலைக்கு ஆற நேரமே கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரே சுற்றில் ஓடினால் இவ்வகை எஞ்சின் சமாளிக்கும். தெருவுக்குத் தெரு நின்று ஐட்லிங்கில் உறுமுகிற வேனில் கரிதான் சேரும். ஓட்டுநரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே புளோயரின் ஊளை வேறு. சரக்கு வேனுக்கு இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பெயினின் ஆவிலா நகரில் ஃபாதிசா நிறுவனம் 1959 முதல் உரிமம் பெற்று இதே வேனைச் செய்தபோது பெர்கின்ஸ் ஃபோர்-ஸ்ட்ரோக் டீசலைப் பூட்டியது. சென்னையில் சிம்ப்சன் செய்து நம் லாரிகளிலும் டிராக்டர்களிலும் பழகிய அதே பெர்கின்ஸ் குடும்பம்தான். ஆல்ஃபாவும் பின்னாளில் அதே முடிவுக்கு வந்து, ரோமியோவின் வாரிசான எஃப்12 வேனில் 1,760 சிசி பெர்கின்ஸை வைத்தது.

யார் வாங்குவார்கள் என்ற உங்கள் கேள்விக்கு ஆண்டுகளே விடை சொல்லும். 1957இல் ரோமியோ 2, அது 1966 வரை. 1966இல் ஆறே மாதம் ரோமியோ 3. 1967 முதல் அதே அடிப்படையில் ஏ11, ஏ12 என்ற திறந்த வண்டிகளும் எஃப்11, எஃப்12 என்ற மூடிய வேன்களும். எஃப்12 நின்றது 1983இல். விற்காத வண்டியை எந்த ஆலையும் ஏறத்தாழ முப்பது வருடம் செய்யாது. ஆவிலா ஆலை 1967இல் மோட்டார் இபேரிகா என்ற ஸ்பானிய நிறுவனத்திடம் போய், பிறகு நிசானிடம் போனது.

முன்சக்கர வேனை நேரில் பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. நம் சாலைகளில் ஓடிய பஜாஜ் டெம்போ மெட்டடார், நான் மேலே சொன்ன ஜெர்மன் டெம்போவின் வாரிசு, அதுவும் முன்சக்கரம் இழுப்பதே. உங்கள் ஊரில் ஏதாவது ஷெட்டில் பழைய மெட்டடார் ஒன்று நின்றால் பின்பக்கம் குனிந்து பாருங்கள், ஹௌசிங் இருக்காது. பிறகு முன்சக்கரத்தை முழுதாக ஒடித்துவிட்டு உள்பக்கம் ஷாஃப்ட் மூட்டைப் பாருங்கள். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்விளிம்பெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தால் மணல் உள்ளே போயிருக்கும். ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் மூட்டு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. உறை மட்டும் மாற்றிப் பயனில்லை.